வெயில் எட்டாத சந்தில் ஒரு வல்லாரை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. சென்னையில் தரைத்தளத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு சந்து உண்டு. தண்ணீர் மோட்டார், காலி சிலிண்டர், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் அங்கேதான் வாசம் செய்யும். வெயில் மட்டும் வராது. சித்திரை மாதத்தில் உச்சிப் பொழுதுக்கு எட்டிப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் மதிலேறிப் போய்விடும். மற்ற நாளெல்லாம் வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை.

அந்தச் சந்தில் தோட்டம் போட ஆசைப்பட்டு நான் கொன்ற செடிகளின் பட்டியல் நீளம். ரோஜா, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டியே ஓய்ந்துபோனது. துளசி ஒரு மாதத்தில் குச்சியானது. தக்காளி பூத்தது, காய்க்கவில்லை. மாடித்தோட்டக்காரர்கள் யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி "எத்தனை மணி நேரம் வெயில் விழுது?" என்பதுதான். பதில் சொன்னதும் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

நர்சரிக்குப் போனால் நிழல் செடி என்று தனி வரிசையே இருக்கிறது. மணி பிளாண்ட், அக்லோனிமா, பாம்புக் கற்றாழை, டிஃபன்பாக்கியா. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றும் சட்டிக்கு வராது. வராதது மட்டுமல்ல, மணி பிளாண்ட்டும் டிஃபன்பாக்கியாவும் வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும், வாய்க்கும் ஆக வேண்டும், வருடா வருடம் விதை தேடாமல் தானே நிலைத்திருக்க வேண்டும், நிழலிலும் வளர வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் சரி என்று தலையாட்டுகிற செடி, வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தென்னந்தோப்பின் ஈரத்திலும் யாரும் நடாமலே கிடக்கிறது. வல்லாரை.

முதலில் ஏமாந்த கதை

மூன்று வருடம் முன்பு ஒரு நர்சரியில் வல்லாரை கேட்டேன். வட்ட வட்டமாக, பளபளவென்று, காசு அளவில் இலை விட்ட ஒரு தொட்டியைக் காட்டினார்கள். எனக்குச் சின்னச் சந்தேகம். "இது வல்லாரைதானா?" என்றேன். "வல்லாரையேதான்க்கா. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் அங்கிருந்த தம்பி. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்திருக்கிறேன்.

செடி நன்றாகவே வந்தது. இரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்து வழிந்தது. ஒருநாள் பறித்துத் துவையல் அரைத்தேன். வல்லாரைக்கென்று ஒரு சுவை உண்டு. முதலில் துவர்ப்பு, பின்னாலேயே லேசான கசப்பு, கடைசியில் கொத்தமல்லிக் காம்பை மென்றது போல ஒரு வாசம். இந்தத் துவையலில் புளியும் மிளகாயும்தான் தெரிந்தன. தின்றதால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாக்கு சொல்லிவிட்டது, இது அது இல்லை.

வித்தியாசம் கண்டுபிடிக்க நாக்குகூட வேண்டாம். ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். காம்பு எங்கே சேர்கிறது? குடைக்குக் கம்பி நிற்பது போல இலையின் நடுவயிற்றில் குத்தி நின்றால் அது வல்லாரை இல்லை. வல்லாரை இலை முழு வட்டமாக இருக்காது. சிறுநீரக வடிவில், அடியில் ஆழமாக ஒரு பிளவு இருக்கும். காம்பு அந்தப் பிளவின் உட்புறத்தில் வந்து சேரும். விளிம்பு மழுங்கிய பல் பல்லாக இருக்கும். காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் விசிறி விரித்தது போலப் பிரியும். கசக்கி முகர்ந்தால் மல்லிச் சாதி என்று மூக்கே சொல்லும். உண்மையிலேயே அது மல்லிச் சாதிதான். கொத்தமல்லி, சீரகம், கேரட், பெருங்காயம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் வல்லாரையும் ஒரு பங்காளி.

என்னிடம் வந்து சேர்ந்த குடைக்காரன் ஹைட்ரோகொட்டைல் என்கிற வேறு இனம். மீன் தொட்டிக்கும் அலங்காரத்துக்கும் வளர்ப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே பென்னிவொர்ட் என்ற பெயர் புழங்குவதால் வந்த வினை. அந்தத் தம்பியை நான் பிறகு மனதுக்குள் மன்னித்துவிட்டேன். காரணம், இதே குழப்பம் பெரிய மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் வல்லாரையையும் ஹைட்ரோகொட்டைல் கூட்டத்தில்தான் சேர்த்தார். அங்கிருந்து அதைப் பிரித்தெடுத்து சென்டெல்லா ஏசியாட்டிகா என்ற இன்றைய பெயரில் இக்னாஸ் உர்பன் வைத்தது 1879-இல். நூற்று இருபத்தாறு வருடம் அறிவியலே இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்திருந்தது. நர்சரித் தம்பிக்கு இதில் எவ்வளவு தண்டனை கொடுக்க முடியும்?

இன்னொரு ஆள்மாறாட்டமும் உண்டு. வடக்கே பிராமி என்று சொல்லி வல்லாரையையும் தருவார்கள், நீர்ப்பிரமியையும் தருவார்கள். நீர்ப்பிரமிக்குச் சின்னச் சின்னத் தடித்த இலை, கிட்டத்தட்ட பருப்புக்கீரை மாதிரி. வட்ட இலையே கிடையாது. பார்த்தால் குழப்பம் வராது. பெயரைக் கேட்டு ஆன்லைனில் வாங்கினால்தான் வரும்.

தொட்டிக்கு வந்த பிறகு

வல்லாரையை விதையிலிருந்து வளர்க்க மெனக்கெட வேண்டாம். விதை சுலபத்தில் முளைக்காது, முளைத்தாலும் எறும்பு வேகத்தில் வளரும். அது பரவுகிற வழியே வேறு. தாய்ச்செடியிலிருந்து செந்நிறம் கலந்த மெல்லிய கொடி தரையோடு தரையாக ஓடும். ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர், மேலே இலை. அந்தக் கணு ஒன்று கிடைத்தால் போதும், தோட்டம் ஆரம்பித்தாயிற்று.

ஆழமான தொட்டி தேவையில்லை. ஒரு சாண் ஆழம் தாராளம், அகலம்தான் முக்கியம். மீன் கடைகளில் தூக்கிப் போடுகிற தெர்மாகோல் பெட்டி இதற்கென்றே செய்தது போல இருக்கும். நன்றாகக் கழுவி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டுக்கொண்டால் சரி. குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டில் பழைய பேபி டப் கிடக்கும், அதுவும் ஆகும். மண்ணுக்கு நான் போடுகிற கணக்கு: செம்மண் ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கணுக்களை அரைச் சாண் இடைவெளியில் வைத்து, வேர் மட்டும் மண்ணுக்குள் போகும்படி அழுத்தி, கொடி எழும்பாமல் இருக்க ஒரு கூழாங்கல்லை ஏற்றிவைக்கலாம். இலையைப் புதைத்துவிடக் கூடாது.

நிழல் என்றால் இருட்டு இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படிக்கட்டுக்கு அடியில், கதவு மூடிய பால்கனியில் வல்லாரை வளராது. பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சம் வேண்டும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் அது போனஸ். மாமரத்தடி, சப்போட்டா மரத்தடி, வாழைக்கு நடுவே எல்லாம் உகந்த இடம். மொட்டை வெயிலிலும் அது சாகாது, ஆனால் சிறுத்துப்போகும். இலை சுருங்கி, காம்பு குட்டையாகி, நிறம் செம்பு ஏறி, மென்றால் நார் நாராக வரும். அதே செடியின் கணுவை நிழலில் நட்டால் இலை உள்ளங்கையில் பாதியளவுக்கு விரிந்து, காம்பு நீண்டு, இளசாக நிற்கும். கீரைக்கு நிழல் வல்லாரைதான் மேல். ரோஜா விஷயத்தில் என் சந்து செய்த அதே துரோகம், இங்கே உபகாரமாகிவிடுகிறது.

இதன் ஒரே பிடிவாதம் தண்ணீர். மண் காயக்கூடாது. கோடையில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டியிருக்கும். ஒருநாள் மறந்தால் அத்தனை இலையும் துவண்டு படுத்துவிடும். தண்ணீர் காட்டினால் இரண்டு மணி நேரத்தில் எழுந்தும்விடும், ஆனால் அடிக்கடி இந்த விளையாட்டு வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரை நான் இதற்குத்தான் ஊற்றுகிறேன். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளுகிற தண்ணீர் உப்பு மிகுந்தது, அது வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு கறார் ஏன் என்றால், வல்லாரை தான் நிற்கிற மண்ணில் உள்ளதையெல்லாம் உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் குணம் கொண்டது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் அடக்கம். சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவு ஓடுகிற வாய்க்காலிலும் செழித்து நிற்கிற வல்லாரையைக் கண்டு ஆசைப்பட்டுப் பறித்துவிடாதீர்கள். வீட்டில் வளர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இதே பயத்தில்தான் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை நான் குரோட்டன்ஸுக்கு ஊற்றுகிறேன், வல்லாரைக்கு ஊற்றுவதில்லை. செம்புக்குழாயும் அலுமினியத் தகடும் தொட்டு வருகிற தண்ணீர் அது.

நட்ட இரண்டு மாதத்தில் முதல் அறுவடை. கொத்தாகப் பிடுங்காமல், வெளிவட்ட முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளினால் நடுக்குருத்து தொடர்ந்து வரும். எதிரி என்று பார்த்தால் நத்தைதான். மழைக்காலத்தில் இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும். பச்சையாகச் சாப்பிடுகிற கீரை என்பதால் நான் இலைமேல் எதையும் தெளிப்பதில்லை. பஞ்சகவ்யம் என்றாலும் வேருக்குத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, பின்னிக்கிடக்கும் வேரைப் பிரித்து, புது மண்ணில் நட்டுவிட்டால் ஆயுசுக்கும் வரும்.

அழகைச் சொல்ல மறந்துவிட்டேனே. தொங்கு தொட்டியில் வைத்துப் பாருங்கள். கொடிகள் விளிம்பைத் தாண்டி இறங்கி, கணுவுக்குக் கணு ஒரு குட்டி இலையோடு, யாரோ கோத்துத் தொங்கவிட்ட பச்சைச் சரம் போல ஆடும். தரையில் விட்டால் புல்தரை விரித்தது போல மூடிக்கொள்ளும். களை எழும்ப இடம் தராது. பூவும் உண்டு. ஆனால் அதைப் பார்க்க நீங்கள் தரையில் கன்னம் வைத்துப் படுக்க வேண்டும். இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, கடுகு அளவில், இளஞ்சிவப்பில் மூன்று நான்காகச் சேர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் இத்தனை நாளில் அதைப் பார்த்தது நானும் எறும்புகளும்தான்.

புதுச்சேரியிலிருந்து கொரியா வரை

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு குட்டி டியூபை எடுத்து முகத்தில் தடவிக்கொண்டாள். "என்னடி அது?" என்றேன். "கொரியன் க்ரீம் சித்தி. சிக்கா. பரு வந்த வடு போயிடும்." விலை ஆயிரத்துச் சொச்சம். கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். சென்டெல்லா ஏசியாட்டிகா எக்ஸ்ட்ராக்ட். "அடி, இது சந்துல கிடக்குற வல்லாரைடி!" அவள் நம்பவில்லை. சந்துக்குக் கூட்டிப் போய்க் காட்டியும் முழுசாக நம்பவில்லை.

சென்டெல்லா சேர்ந்த க்ரீமைத்தான் சிக்கா என்கிறார்கள். டைகர் கிராஸ் என்றும் விற்கிறார்கள். காயம்பட்ட புலி இந்தச் செடியில் புரண்டு ஆற்றிக்கொள்ளும் என்று ஒரு கதை. கதை விளம்பரத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இதன் நிஜக்கதையில் புலியைவிட சுவாரசியமான ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நம் ஊரும் இருக்கிறது.

1852-இல் மொரீஷியஸில் பொய்லோ என்ற மருத்துவர், தொழுநோய்க்கு இந்தச் செடி பலன் தருகிறது என்று எழுதினார். தொழுநோய்க்கு உருப்படியான மருந்தே இல்லாத காலம் அது. செய்தி பரவி, 1855-இல் மெட்ராஸில் ஹன்ட்டர் என்ற மருத்துவரும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார். அதே காலத்தில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு மருந்தாளர் லெப்பீன், இலையிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு 'வெல்லரின்' என்று பெயர் வைத்தார். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்? தமிழிலிருந்துதான். வல்லாரை, வெல்லரின். 1868-இல் வெளியான இந்திய மருந்து நூலிலும் இந்தச் செடி ஏறியது, லின்னேயஸ் வைத்த பழைய பெயரில்.

வெல்லரின் என்ற பெயர் இன்று வழக்கில் இல்லை. 1940-களில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மடகாஸ்கரில் மறுபடி ஆராய்ச்சி நடந்தது. தொழுநோய்ப் புண்ணுக்காகப் பியர் பொய்த்தோவும் உடன் இருந்தவர்களும் இறங்கிய வேலை அது. அங்கே கிடைத்த பொருளுக்குத்தான் ஏசியாட்டிகோசைடு என்று பெயர். தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் புரதம் உண்டாவதைத் தூண்டி, புண் ஆறுவதற்கு உதவும் பொருள். பின்னர் மடகாஸ்கரின் பெயரைத் தாங்கி மாடெகாசோசைடு வந்தது. இந்த இரண்டும்தான் இன்று என் அக்கா மகளின் டியூபில் இருக்கின்றன. இன்றைக்கும் அழகுசாதன நிறுவனங்களுக்கு மடகாஸ்கர் வல்லாரை போகிறது. புதுச்சேரி வெல்லரின் என்ற பெயரோடு நின்றுவிட்டது.

இதைப் படித்துவிட்டு இலையை அரைத்து முகத்தில் பூசிக்கொள்ளாதீர்கள். பச்சை இலைச் சாறு சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் கொண்டுவரும். தொட்டியில் இருப்பதைத் தட்டுக்கு அனுப்புவதே நல்லது.

ஞாபகசக்திக்கு?

வல்லாரை உண்டாரோடு மல்லாடாதே என்று ஒரு பழமொழி. பரீட்சை வந்தால் வெறும் வயிற்றில் இரண்டு இலையை வாயில் திணித்த அம்மாக்களின் பிள்ளைகள் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். நானும் அதில் ஒருத்தி. கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதுவதாக இல்லை. சரஸ்வதிக் கீரை என்று பெயர் வைத்து, மாத்திரை, லேகியம், சாக்லேட் வரை விற்பனை நடக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதுவரை மனிதர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வல்லாரை அறிவுத்திறனை உயர்த்துகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை. மனநிலைக்கும் விழிப்புக்கும் கொஞ்சம் உதவக்கூடும் என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. மறுபக்கம், வாரக்கணக்கில் வல்லாரை மாத்திரை எடுத்த சிலருக்கு மஞ்சள்காமாலையும் கல்லீரல் பாதிப்பும் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் கீரையாகச் சாப்பிடுவதற்கு யோசிக்கத் தேவையில்லை. கீரை வேறு, கொத்தாகச் சுருக்கிய மாத்திரை வேறு.

மருந்து என்கிற பட்டம்தான் தமிழ்நாட்டில் இந்தக் கீரையைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். மருந்தாக நினைத்ததால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றோம். மற்ற ஊர்க்காரர்கள் ருசிக்காகத் தின்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வல்லாரைச் சம்பல் இல்லாத சைவச் சாப்பாட்டைக் காண்பது அரிது. இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. அடுப்பே வேண்டாம். சிங்களவர்கள் கொட்டுகொல என்பார்கள், காலையில் அதில் கஞ்சி காய்ச்சுவார்கள். கர்நாடகக் கடலோரத்தில் ஒந்தெலகா என்று பெயர், தயிரும் தேங்காயும் சேர்த்துத் தம்புளி செய்கிறார்கள். வியட்நாமில் தெருவோரக் கடைகளில் கரும்புச்சாறு மாதிரி வல்லாரைச் சாறு விற்கிறது. தாய்லாந்திலும் சாறுதான். உள்காயம் ஆற்றும் என்று பெயர் எடுத்ததால், காதலில் தோற்றவனைப் பார்த்து "போய் வல்லாரைச் சாறு குடி" என்று கேலி செய்வார்களாம்.

எங்கள் வீட்டில் துவையல்தான். இரண்டு கைப்பிடி இலை. நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு சிவந்ததும் காய்ந்த மிளகாய் நான்கு, சின்ன வெங்காயம் பத்து, பிறகு இலை. இலை சுருண்டதும் இறக்கிவிட வேண்டும், நிறம் கறுக்கவிடக் கூடாது. நெல்லிக்காய் அளவு புளி, ஒரு பிடி தேங்காய், உப்பு. அம்மியில் அரைத்தால் சொர்க்கம், மிக்ஸி என்றால் கொரகொரப்பாக நிறுத்துங்கள். கசப்பைப் புளியும் தேங்காயும் பார்த்துக்கொள்ளும். சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால், அது வல்லாரை என்று நீங்களாகச் சொன்னால் ஒழிய எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்காது.

எனக்கு நிஜ வல்லாரை நர்சரியில் கிடைக்கவில்லை. தெருவில் கூடையோடு வருகிற கீரைக்கார அம்மாவிடம்தான் கிடைத்தது. ஒரு கட்டு வாங்கிப் பிரித்தபோது அடியில் மூன்று கணு, சேறு ஒட்டிய வேரோடு வந்திருந்தன. குப்பைக்குப் போக வேண்டியவற்றைச் சும்மா ஒரு டப்பா மண்ணில் குத்தி வைத்தேன். இன்றைக்குச் சந்தில் இருக்கிற நான்கு பெட்டி வல்லாரையும் அந்த மூன்று கணுவின் வம்சம். அடுத்த முறை வல்லாரைக் கட்டு வாங்கினால் ஆய்வதற்கு முன்னால் அடியைப் பிரித்துப் பாருங்கள். வேரோடு ஒரு கணு இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.